மீன் வாங்காத வீடு

போன செவ்வாய்க்கிழமை காலை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கேற் திறக்கும் சத்தம் கேட்டது. குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு புளோரா அக்கா. வெள்ளைச் சேலை. ஒரு கையில் செபமாலை, மற்றக் கையில் மூடிய சட்டி. அவருக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கையில் அக்கம்பக்கத்து வீட்டுச் சனம் நாலைந்து பேர். கடைசியில், தலையைக் குனிந்தபடி, நாள்தோறும் எங்களுக்கு மீன் கொண்டுவரும் றிபாய் நானா.

நேரே எங்கள் குசினிப் பக்கம் வந்தார்கள்.

என் ஒரே மகன் கஜன் எண்ணெய்க் கப்பலில் வேலை செய்கிறான். அந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று சில நாட்களாக எங்களுக்குத் தெரியாது. இப்போது ஊரே திரண்டு, வெள்ளை உடுத்து, சத்தமில்லாமல் வந்து நிற்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

துருவிய பூவெல்லாம் நிலத்தில் கொட்டியது. அப்படியே பக்கத்தில் குந்திவிட்டேன். "வேண்டாம், சொல்லாதேங்கோ... சொல்லாதேங்கோ..." என்று நானே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்களை அந்த இடத்தில் நிற்கவைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னுக்குப் போகிறேன். பாவம்தான். ஆனால், நடந்தது விளங்க வேண்டுமே!

என் கணவர் பென்ஷன் எடுக்கும்வரை இங்கே துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் வேலை பார்த்தவர். மகனும் கடலுக்குத்தான் போவேன் என்றான். நான் கணக்கு டீச்சர். 'பாங்கில் வேலை பார், பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரலாம்' என்றேன். யார் கேட்டது?

இப்போது அவனுடைய கப்பல், சண்டையால் செய்தியில் நாள்தோறும் அடிபடுகிற அந்த ஒடுங்கிய கடல்பாதையால் போக வேண்டும். பெயர் உங்களுக்குத் தெரியும். எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. போவதற்கு முதல் போன் எடுத்தான். "அம்மா, கொஞ்ச நாளைக்குக் கதைக்க ஏலாது. பயப்பிடாதேங்கோ, நானே எடுக்கிறன்" என்றான். பயப்பிடாதேங்கோ! பிள்ளைகள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

கணவருடைய போனில் கப்பல் பார்க்கும் ஒரு அப் இருக்கிறது. உலகத்துக் கப்பல்கள் எல்லாம் அதில் சின்னச் சின்ன அம்புக்குறிகளாகத் தெரியும். எங்கள் கப்பல் பச்சை அம்புக்குறி. காலையில் தேத்தண்ணியோடு அதைப் பார்ப்போம். "இரவு நல்லா நகர்ந்திருக்கு." "ஏன் இந்தப் பக்கம் திரும்பி நிக்குது?" பேரப்பிள்ளை தவழ்வதைப் பார்க்கிறதுபோல இரண்டு பேரும் குனிந்துகொண்டு இருப்போம்.

ஒரு நாள் காலை அம்புக்குறி இல்லை.

"ஆபத்தான இடத்தில ஆக்களுக்குத் தெரியக் கூடாது எண்டு நிப்பாட்டிப் போடுவாங்கள். இது வழமைதான்" என்றார் இவர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. போனை அணைத்தார், திரும்பப் போட்டார். மறுபடியும் அணைத்தார். வழமையான விஷயத்தை ஏன் மனிதன் இத்தனை தரம் பார்க்க வேண்டும்?

அன்றைக்கே நேர்த்தி வைத்துவிட்டேன். 'அம்மாளாச்சி, பிள்ளை அந்த இடத்தைக் கடக்குமட்டும் மீன் என் வீட்டுக்குள் வராது.'

வெளியூர் வாசகர்களே, சிரிக்காதீர்கள். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள் மீனை விடுவது சின்ன விஷயம் இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு நாள் மரக்கறி சாப்பிடுவதே சனிக்கிழமையை நினைத்துக்கொண்டுதான். நேர்த்தியை வெளியில் சொன்னால் பலிக்காது என்று ஒரு பயம் வேறு. அதனால் இவருக்கும் சொல்லவில்லை. "வயிறு சரியில்லை" என்றேன். பூசணிக்காய், பருப்பு, கத்தரிக்காய், மறுபடியும் பூசணிக்காய்... மரக்கறித் தோல் கூடியதில், எங்கள் ஊரில் தெருத்தெருவாகத் திரிந்து ஒழுங்கைக்கும் வரும் மான்களுக்குத்தான் கொண்டாட்டம்.

டிவியை நிற்பாட்டினோம். செய்தி தொடங்கும் இசை கேட்டாலே நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவேன். முன்கதவைச் சாத்திவைத்தேன். யாராவது 'மகன் எப்படி' என்று கேட்டுவிடுவார்களோ என்று கடைக்கும் போகவில்லை. ஒரு நாள் தெரியாத நம்பரில் இருந்து போன். எடுப்பதா விடுவதா? மணி அடித்து ஓயும் தறுவாயில் எடுத்தேன். இன்சூரன்ஸ் விற்கிற ஒரு பிள்ளை. "பிள்ளை, நீ நல்லா இருப்பாய்" என்று ஆசீர்வாதம் பண்ணினேன். அந்தப் பிள்ளை பயந்து போனை வைத்துவிட்டது.

றிபாய் நானா குறிஞ்சாக்கேணியில் இருந்து மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியோடு வருபவர். முதல் நாள் பாரை கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். அடுத்த நாள் நண்டு, அதுவும் எனக்குப் பிடித்த பெரிய நண்டு. வேண்டாம் என்றேன். அதற்கடுத்த நாள் பெட்டியைத் திறக்காமலே, "மகன்ட பாடு எப்பிடி டீச்சர்?" என்று கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும்.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் மீன் சமைக்க மாட்டார்கள்? டிவி போட மாட்டார்கள்? எந்த வீட்டுக்காரி கண் வீங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பாள்? செத்த வீட்டில். முப்பத்தோராம் நாள் காரியம் முடியுமட்டும் அங்கே மீனோ வேறு மச்சமோ படலையைத் தாண்டி உள்ளே வராது. பயந்த வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. உள்ளுக்குள் இருந்து பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை என்பதுதான் உண்மை.

சரி, குசினிக்கு வாருங்கள்.

புளோரா அக்கா உள்ளே வந்து, சட்டியை மேசையில் வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். "பிள்ளை... நாங்கள் எல்லாரும் இருக்கிறம். ஆண்டவர்ர சித்தம்" என்றார்.

"எப்ப அக்கா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எப்ப எண்டு நீதானே சொல்ல வேணும்?"

"நானோ?"

"ஓம். பொடியை எப்ப கொண்டு வருவினமாம்?"

பொடி என்றால் என் பிள்ளையின் உடல்! எங்கிருந்து எனக்கு அந்தக் குரல் வந்ததோ! "ஆர் சொன்னது உங்களுக்கு? ஆர் சொன்னது?" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பி றிபாய் நானாவைப் பார்த்தார்கள்.

அவர் இரண்டு அடி பின்னால் போனார். "அல்லாவே! எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல டீச்சர். நீங்க மீன் வாங்கல்ல. நண்டும் வேணாம் எண்டுட்டிங்க. மகனைக் கேட்டா முகத்தைத் திருப்பிட்டு உள்ளுக்குப் போறீங்க. கண்ணெல்லாம் வீங்கி இரிந்திச்சு. நான் என்னத்த நினைக்கிற?"

"அப்ப... உங்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாதோ?"

"உனக்கும் தெரியாதோ?" என்றார் புளோரா அக்கா.

அப்போதுதான் கிணற்றடியில் இருந்து இவர் வந்தார். தலையில் தண்ணீர் சொட்டுகிறது, தோளில் துவாய். கூட்டத்தைப் பார்த்தார். வெள்ளைச் சேலையைப் பார்த்தார். நிலத்தில் கிடக்கும் என்னைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருடைய முகம் அன்றைக்குப் போன போக்கை இனி என் வாழ்க்கையில் பார்க்கக் கூடாது.

"ஒண்டும் இல்லை! ஒண்டும் இல்லையப்பா! மீன்! மீன்தான்!" என்று அலறினேன்.

"மீனோ?"

புளோரா அக்காதான் முதலில் சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று. பிறகு எல்லோரும். றிபாய் நானா நெஞ்சைத் தடவிக்கொண்டே இவரைக் காட்டி, "சேரை நேத்துச் சந்தைப் பக்கம் கடையில கண்டன். மீன் பொரியலோட சோறு தின்டுக்கிட்டு இரிந்தார். கவலையில மனிசனுக்கு என்னத்தத் தின்னுறம் எண்டு விளங்காதுதானே எண்டு நினைச்சன்" என்றார்.

ஒழுங்கையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்குத் தலையில் இடி விழுந்தது. அங்கே பிள்ளை நெருப்புக்கு நடுவில். இங்கே தகப்பன் மீன் பொரியல்!

நேர்த்தி வைத்ததைப் போட்டு உடைத்துவிட்டேன், எல்லோருக்கும் முன்னால். "நான் பிள்ளைக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறன். நீங்கள் கடையில போய்ச் சாப்பிடுறீங்களோ? பிள்ளைக்கு ஏதும் எண்டால்...?"

"எனக்குச் சொல்லாத நேர்த்தியை நான் என்னெண்டு காக்கிறது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குப் பயமாக் கிடக்கப்பா. உமக்குப் பயம் வந்தால் தொண்டை அடைக்குது. எனக்குப் பசிக்குது. நான் என்ன செய்ய?" என்றார்.

இவர் 'பயம்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. புயலுக்குள் கப்பல் இழுத்த மனிதர். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை நாளாக ஒரே வீட்டில், ஒரே பயத்தை இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் ஒளித்துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்!

புளோரா அக்கா விடவில்லை. "பிள்ளை, உன்ர அம்மாளாச்சி மீனை விடு எண்டு கேட்டவவோ? நீயாத்தானே குடுத்தனீ? உன்ர வீட்டுப் பொரியல் மணம் மதில் தாண்டி வராட்டில் எனக்கு இருப்புக் கொள்ளுதில்லை. எங்களையும் ஏன் சாக்காட்டுறாய்?"

செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும் என்பது முறை. கொடுத்தேன். கதிரைகளை இழுத்துப் போட்டு இருந்தார்கள். புளோரா அக்கா கொண்டுவந்த சட்டிக்குள் பருப்புச் சோறு. செத்த வீட்டுச் சோறு! அதையும் பகிர்ந்து சாப்பிட்டோம். 'பொடியை எப்ப கொண்டு வருவினமாம்' என்று அவர் கேட்டதை ஒருவர் நடித்துக் காட்ட, நான் தேத்தண்ணி புரைக்கேறும்வரை சிரித்தேன்.

அவ்வளவு சிரித்து எத்தனை நாள்? உடனே குற்றமாகவும் இருந்தது. பிள்ளை எங்கே என்று தெரியாத வீட்டில் இப்படிச் சிரிக்கலாமா? போனைப் பார்த்தேன். அம்புக்குறி இல்லை. அணைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அரை மணி நேரம் நான் அழுதுகொண்டே இருந்திருந்தாலும் அந்தக் கப்பல் ஒரு முழம்கூட அதிகமாக நகர்ந்திருக்காது.

போகும்போது றிபாய் நானா பெட்டியில் இருந்து ஒரு விளைமீனை எடுத்துக் குசினி வாசலில் வைத்தார். "இதைப் பொரிங்க டீச்சர். நாளைக்கு நான் வாற நேரம் இந்த வீடு நாறோணும்" என்றார்.

நேர்த்தியை என்ன செய்வது? அம்மாளாச்சியோடு பேரம் பேசினேன். 'தாயே, மீனைத் திருப்பி எடுக்கிறேன். அதற்குப் பதிலாகச் சீனியை விடுகிறேன்.' எனக்குச் சீனி வருத்தம் இருப்பதும், டாக்டர் எப்போதோ சீனியை விடச் சொன்னதும் அம்மாளுக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

மீனை வெட்டி, மஞ்சளும் தூளும் உப்பும் பிரட்டிப் பொரித்தேன். எண்ணெய்ச் சத்தம் கேட்டதும் மதிலுக்கு அங்கால் இருந்து புளோரா அக்கா, "ஆ... இப்பதான் சரி!" என்று சத்தம் வைத்தார். சோறு, பொரியல், புளிச்சொதி. எத்தனை ருசியாக இருந்தது தெரியுமா? பயத்தோடு சாப்பிட்டாலும் மீன் மீன்தான்.

ஆனால் அந்தச் சந்தோஷத்தில் ஒரு வேலை செய்துவிட்டேன். கஜனுக்கு வால் பக்கத் துண்டுதான் பிடிக்கும். அதை எடுத்து, அவனுடைய தட்டில் வைத்து, மேசையில் அவன் இருக்கும் பக்கம் வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் பார்த்தேன். இவரும் பார்த்தார்.

மேசையில் இல்லாத ஆளுக்கு, பிடித்த சாப்பாட்டைத் தட்டில் வைப்பது எப்போது? படைக்கிறபோது. செத்தவர்களுக்கு.

தட்டைத் திருப்பி எடுக்கப் பயம். அப்படியே விடவும் பயம். மேசையில் நாங்கள் இருவரும், அந்த மீன் துண்டும்.

இவர் கையை நீட்டித் தட்டை இழுத்தார். சோறு இல்லை, சொதி இல்லை. அந்தத் துண்டை வாய்க்குள் திணித்துத் தின்றார். தோலையும் விடவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடியது.

"தூள் கூடிப்போச்சு" என்றார்.

"ஓம், கூடிப்போச்சு" என்றேன்.

இதை எழுதுகிற இந்தக் காலையிலும் அம்புக்குறி வரவில்லை. பயம் அப்படியே இருக்கிறது. நேற்று மீன் வாங்கினேன், இன்றைக்கும் வாங்கிவிட்டேன். இரண்டு துண்டுதான் பொரிப்பேன் – வால் துண்டு வேண்டுமென்றால், அவன் வந்து வாயால் கேட்கட்டும்.