பெருநாளன்று திறக்காத கதவு

ராத்தாவை, என் அக்காவைக் கலியாணம் முடித்து மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே என் அறை பறிபோனது. எங்கள் கல்முனைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் என் கட்டிலோடும் மின்விசிறியோடும் வாப்பாவையும் சேர்த்து எடுத்துக்கொள்வார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வாப்பா அவரை 'மகன்' என்று கூப்பிட்டார். என்னை வழக்கம்போல 'டேய்'.

மச்சானுக்கு ரிமோட் பிளேன் பைத்தியம். டிவிப் பெட்டிக்குள் அணைப்பாக வரும் வெள்ளை ரெஜிபோமை வெட்டி ஒட்டி, கையளவு மோட்டார் பூட்டிப் பறக்கவிடுவார். அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிளேனின் வயிற்றில் ஒரு கதவு வைக்கப் போவதாகச் சொன்னார். பட்டனை அமத்தினால் கதவு திறந்து கடற்கரையில் டொபி மிட்டாய் மழை பெய்யுமாம். பழைய எக்ஸ்ரே படத்தை வெட்டிக் கதவு, டேப் ஒட்டிக் கீல், சைக்கிள் கம்பியில் ஒரு குட்டித் தாழ்ப்பாள். என் சைக்கிள் உடைந்தபோது கடைக்குக் கொண்டு போகச் சொன்ன வாப்பா, பசை காயும்வரை அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு அஸர் தொழுகை வரைக்கும் உட்கார்ந்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கதவு திறக்கவே கூடாது என்று துஆ கேட்டேன்.

வீட்டில் வைத்து அமத்தியபோதெல்லாம் திறந்த கதவு, பெருநாள் பின்னேரம் ஊரே பார்த்திருக்க வானத்தில் திறக்கவில்லை. கீல் மூக்குப் பக்கம் இருந்ததால் எதிர்க்காற்று கதவைத் தள்ளி மூடியே வைத்திருந்தது.

"மச்சான், கதவுக்கும் பெருநாள் லீவா?" என்றேன். கூட்டம் சிரித்தது. மச்சான் என்னையும் பார்க்கவில்லை, பிளேனையும் பார்க்கவில்லை. திரும்பி வாப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"பரவாயில்ல மகன், இன்னொருக்கா உட்டுப் பாருங்க" என்றார் வாப்பா.

பரவாயில்லையாம். நான் கணக்கில் கோட்டைவிட்ட நாட்களில் அந்த வார்த்தை எங்கே போயிருந்ததோ.

மச்சான் பிளேனை இறக்கி, கீலை வால் பக்கமாக மாற்றி, தாழ்ப்பாளையும் இடம் மாற்றி ஒட்டினார். மஃரிப் தொழுகைக்குச் சற்று முந்தி டொபிகள் விழுந்தன. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு பொறுக்க ஓடியவர்களில் வாப்பாவும் ஒருவர். எனக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தார். தின்ன மனம் வராமல் அது கையிலேயே பிசுபிசுத்துப்போனது.

என் அறைக்கு வந்தவர் தன் வீட்டை விட்டுவிட்டு வந்தவர் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. இப்போது நானும் மருதமுனையில் ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளை. போன கிழமை, யாரும் கேட்காமலே, குசினியில் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்த பைப்பைத் திருத்தினேன். திறந்ததும் தண்ணீர் பீறிட்டு நிலமெல்லாம் நனைந்தது. வாசலில் நின்ற என் மனைவியின் தம்பிதான் முதலில் சிரித்தான். நான் பைப்பைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தைத்தான் பார்த்தேன்.