செல்லக்கனி கம்ப்யூட்டர் வாங்கிய வியாழக்கிழமை

திருத்தங்கலில் எங்கள் வளவில் குடியிருந்தவள் செல்லக்கனி. அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நல்லவர்கள்தான். ஆனாலும் அவளைப்போல் வருமா? வராது. யார் என்ன சொன்னாலும் வராது.

பத்தாவது வரை படித்தவள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னினாள். பெட்டியில் ஒட்டுகிற லேபிளைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டாளாம். நிறம் சரியில்லை, எழுத்து நெருக்கமாக இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பாளாம். அந்தக் கிறுக்குதான் சாயங்காலம் வேலை விட்டதும் அவளைக் கம்ப்யூட்டர் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது. லேபிளுக்குப் படமும் எழுத்தும் அமைக்கக் கற்றுக்கொண்டாள். வெடிமருந்து வாடையோடு போய் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளைகள் நகர்ந்து உட்காரும். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

இரண்டாயிரத்து நாலாம் வருசம் என்று நினைக்கிறேன். சீட்டு எடுத்துப் புதுக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டாள். அச்சாபீஸ் வைத்திருந்த பலவேசம் அண்ணாச்சி, சீசனுக்கான லேபிள் வேலைகளை வெள்ளிக்கிழமை காலையில் பிரித்துக் கொடுப்பார். அன்றைக்கு உன் கம்ப்யூட்டர் ஓடினால் உனக்கும் உண்டு, இல்லையென்றால் சிவகாசி ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார். இவள் அதை நம்பி, இனி வரமாட்டேன் என்று கம்பெனியிலும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில், கம்ப்யூட்டர் கடைக்காரர் சீனிவாசகம் சிவகாசியிலிருந்து பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். கூடவே ஒரு சிடி. அதை உள்ளே போட்டு ஏற்றினால்தான் கம்ப்யூட்டருக்கு உயிர் வரும், சாயங்காலம் வந்து ஏற்றித் தருகிறேன் என்று சொல்லிப் போனார்.

செல்லக்கனியின் புருசன் ஊர்க்காவலன் அச்சாபீசில் மிஷின்மேன். புது மிஷின் வந்தால் சந்தனம், குங்குமம் வைக்காமல் அவர்கள் சுவிட்சைத் தொட மாட்டார்கள். மத்தியானம் குளித்துவிட்டு வந்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, டிவி மாதிரி இருந்ததற்கும், தட்டுகிற பலகைக்கும், பெட்டிக்கும் பொட்டு வைத்தான். சிடியையும் விடவில்லை. சூடம் காட்டிக் கும்பிட்டு, அதை மட்டும் வேட்டி முனையால் அழுத்தித் துடைத்து உறைக்குள் போட்டு வைத்தான்.

சாயங்காலம் சீனிவாசகம் செல்லில் பேசிக்கொண்டே சிடியை உள்ளே தள்ளினார். திரை நீலமானது. அதில் ஒரு மஞ்சள் கோடு ஊர்ந்து வந்தது. நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி தூரம் வந்ததும் கோடு நின்றுவிட்டது. சிடியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் மூக்கருகில் கொண்டுபோனார்.

"இதுல சந்தனம் வச்சது யாரு?"

"நான்தான்," என்றான் ஊர்க்காவலன்.

"பளபளன்னு இருக்குற பக்கத்துலயா வைப்பீக? அதானய்யா வேலை செய்யுற பக்கம்."

"வேலை செய்யுற பக்கத்துலதான வைக்கணும்? நாங்க அச்சு உருளைக்கு வச்சா உருளை மேலதான வைப்போம்."

எனக்கு அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் படுகிறது.

கழுவிப் பார்த்தார்கள். குங்குமத்தோடு சேர்த்துத் தேய்த்ததில் கீறல் விழுந்திருந்தது. கோடு மறுபடியும் அதே இடத்தில் நின்றது. வேறு சிடி கடையில் இருக்கிறது, நாளைக்கு மத்தியானம் கொண்டுவருகிறேன் என்றார் சீனிவாசகம். மத்தியானம் வந்து என்ன செய்ய? அண்ணாச்சி காலையிலேயே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுவாரே. செல்லக்கனி அழவில்லை, ஏசவும் இல்லை. அடுப்பில் இருந்த உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து வாசலை மறித்து நின்றாள். இப்போதே போய் எடுத்து வாருங்கள், இவரும் கூட வருவார் என்றாள். நானும் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். இரண்டு பொம்பளைகளைத் தாண்டி அவர் எப்படிப் போவார்? ஊர்க்காவலனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு சிவகாசிக்குப் போனார்.

பொழுது அடையும் நேரம் திரும்பி வந்தார்கள். சீனிவாசகம் சிடியைத் தன் சட்டைக்குள் வைத்திருந்தார், ஊர்க்காவலன் கையில் கொடுக்கவே இல்லை. அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். அச்சாபீசில் அம்புட்டு மிஷினையும் மேய்க்கிற ஆள், அன்றைக்கு முகம் கறுத்து நின்றதைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

செல்லக்கனி குங்குமச்சிமிழை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"பொட்டு வைங்க."

"வேண்டாம் புள்ள. போதும்."

"நீங்க வைக்காம ஓடுற மிஷின் எனக்கு வேண்டாம். வைங்க."

சீனிவாசகம் பதறி எழுந்தார். "தாயே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சிடியில மட்டும் வேண்டாம்."

கடைசியில் மேல் உறையில் வைப்பதற்கு ஒத்துக்கொண்டார். ஊர்க்காவலன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒரு பொட்டு வைத்தான். சீனிவாசகம் சிடியை ஓரத்தில் பிடித்து உள்ளே போட்டார். இந்தத் தடவை மஞ்சள் கோடு நிற்காமல் கடைசி வரை போனது.

எல்லாம் முடிந்து திரையில் ஒரு பச்சை மேடும் நீல வானமும் வந்தன. வெம்பக்கோட்டை அணை நிறைந்த வருசம்கூட எங்கள் பக்கம் அப்படிப் பச்சையைப் பார்த்ததில்லை. உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, இனி நீங்கள் போடுவதுதான் இருக்கும் என்றார் சீனிவாசகம். வெள்ளையடித்த வீட்டைத் திறந்து காட்டியதுபோல் இருந்தது. தமிழ் எழுத்துகூட அதில் இல்லை. வகுப்பில் வாங்கி வைத்திருந்த இன்னொரு சிடியிலிருந்து செல்லக்கனிதான் அதையும் படம் அமைக்கிற புரோகிராமையும் ஏற்றினாள்.

காலையில் பலவேசம் அண்ணாச்சி ஸ்கூட்டரில் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஓடுதா?"

"ஓடுது அண்ணாச்சி."

பையிலிருந்து புஸ்வாணப் பெட்டி லேபிள் ஒன்றை எடுத்து வைத்தார். பெயரை மாற்ற வேண்டும், படத்தில் இருக்கும் பொண்ணுக்குச் சேலை சிவப்பாக வேண்டும், மத்தியானத்துக்குள் வேண்டும் என்றார். சரி என்றாள், அவ்வளவுதான்.

ஸ்கூட்டர் தெருவைத் தாண்டியதும் நான் என் வீட்டுக்குள் போனேன். அப்புறம் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"பெரியம்மா, நேத்துலருந்து சாப்பிடல. பழைய குழம்பு ஏதும் கிடக்கா?"