குறுக்கே விழுந்த அக்கா

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, என் மகள் தான் படித்துக்கொண்டிருந்த நாவலின் கதையைச் சொன்னாள். குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிய கீரியை, அதன் வாயிலிருந்த ரத்தத்தைப் பார்த்துத் தாய் அவசரப்பட்டு அடித்துக் கொன்றாளே, அதே பழைய கதைதான். இதில் செத்த கீரி மாயசக்தியோடு பழிவாங்க எழுந்து வருகிறதாம்.

எனக்கு எங்கள் ஊர் எறையூரின் கரும்புச் சோகை, அந்தக் காய்ந்த தோகையின் வாசனை மூக்கில் ஏறியது. அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையான தம்பி புங்கமரத்துத் தூளியில் தூங்கினான். அந்தப் பக்கமிருந்து எங்கள் நாய் மணி ஓடிவந்தது. வாயெல்லாம் ரத்தம்.

"ஐயோ, எம்புள்ளய கடிச்சிடுச்சே!" என்று அம்மா வெட்டுக்கத்தியை ஓங்கினாள்.

பன்னிரண்டு வயது அக்கா பாய்ந்து நாயைக் கட்டிக்கொண்டாள். "கீரிக்கதை மாதிரி பண்ணிடாதம்மா! மொதல்ல தம்பியப் போய்ப் பாரு!"

ஓங்கிய கை நிற்கவில்லை. கத்தி அக்காவின் தோளில் இறங்கியது. முதலில் வெள்ளையாக எலும்பு தெரிந்தது. பிறகுதான் ரத்தம் பீறிட்டது. நான் தூளிக்கு ஓடினேன். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். மரத்தடியில் குடல் சரிந்த காட்டுமுயல் ஒன்று கிடந்தது.

தோளில் பதினோரு தையல் போட்டார்கள்.

நான் இதைச் சொல்லி முடித்ததும் மகள் புத்தகத்தை மூடினாள். "பெரியம்மாவுக்குக் கோவமே வரலையாம்மா?"

"இல்லடி. அன்னைக்குச் சாயந்தரமே எங்கம்மா ஊட்டுன சோத்தத்தான் சாப்ட்டா. எங்கம்மாதான் ரொம்ப நாளைக்கு அவ மூஞ்சியப் பாத்துப் பேசல."