வறுமைக்கு ஏற்ற புடவை

வேங்கிக்காலில் அரசாங்க வேலை பார்த்த சகாதேவன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் காமிராவும் கழுத்துமாகத் திரிவார். படம் இயற்கையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதற்காக எவ்வளவு ஏற்பாடு வேண்டுமானாலும் செய்வார். கிரிவலப் பாதையில் தூங்கிய சாமியாரை எழுப்பி, நல்ல வெளிச்சத்தில் மறுபடி தூங்கச் சொன்னவர் அவர்.

1994இல் ஒருநாள், அடி அண்ணாமலையில் வீட்டு வாசலில் மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்த கஸ்தூரியைப் பார்த்தார். முகம் பிடித்துவிட்டது, புடவைதான் ரொம்பப் புதிது.

"கிழிசலா ஒண்ணு கட்டிக்கினு வாங்கம்மா. படத்துல உங்களுக்கும் ஒரு காப்பி போட்டுத் தர்றேன்."

வீடு தேடி வந்த மனுஷன் கேட்கிறாரே என்று, தரை துடைக்க வைத்திருந்த பழசைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள் கஸ்தூரி.

படத்தின் காப்பி வரவே இல்லை. டவுனில் நடந்த கண்காட்சியில் ‘வறுமை’ என்ற பெயரில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. சகாதேவன் அதன் பக்கத்திலேயே நின்று பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது, கஸ்தூரி பட்டுப்புடவையில் வந்து நின்றாள்.

"என் பையனுக்குப் பொண்ணு குடுக்கறேன்னவங்க இதப் பாத்துட்டு, சோத்துக்கே லாட்டரி அடிக்கிற வீடுன்னு பின்வாங்கிட்டாங்க. இப்ப இப்படியே ஒண்ணு எடுத்து, அது பக்கத்துல மாட்டுங்க சார்!"

கூட்டம் கூடிவிட்டது. சகாதேவன் காமிரா வழியாகப் பார்த்தார். சற்றுப் பின்னால் நகர்ந்து மறுபடியும் பார்த்தார். பிறகு உண்மையான வருத்தத்தோடு காமிராவை இறக்கினார்.

"இது இயற்கையா இல்லீங்கம்மா."