நூல் பிடித்து நட்ட சிலுவைகள்

எங்கள் சபை ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ரயில்வேக்காரர்கள். எதையாவது கோணலாக வைத்துவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. கோவிலில் பெஞ்சு போடுவதானாலும் சரி, அசன விருந்துக்கு இலை போடுவதானாலும் சரி, ஒருவர் கோடியில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளு" என்பார். நாங்கள் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அதையே கல்லறைத் தோட்டத்தில் செய்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் கோலாலம்பூரே தண்ணீரில் கிடந்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் இடுப்பளவு வெள்ளம். அரிசி மூட்டையையும் வேதப் புத்தகத்தையும் அலமாரி மேல் ஏற்றிவிட்டு, மேட்டிலிருந்த ஒரு வீட்டில் போய் ஒண்டிக்கொண்டோம். வெள்ளம் வடிந்து, வீட்டுச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சபையின் கல்லறைத் தோட்டம் ஆற்றோரத்தில், இதைவிடத் தாழ்வில் இருந்தது. என் மகள் அங்கே இருந்தாள்.

அவளுக்கு மூன்று வயது. மழைக்காலம் தொடங்குமுன் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். குழி மண் இன்னும் இறுகக்கூட இல்லை.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அங்கே மேடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே சேறு. பெரியவர்கள் சிலருக்குக் கல் வைத்திருந்தார்கள், அது நின்றது. பிள்ளைகளுக்கு நட்ட மரச் சிலுவைகள் வேலியில் சிக்கிக் குவிந்து கிடந்தன. சில ஆற்றோடு போய்விட்டன.

சேறு காய்ந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆண்கள் மண்வெட்டியும் கயிறுமாகக் கிளம்பினார்கள். நல்ல மனசோடுதான் போனார்கள், அதை நான் மறுக்கவில்லை. கிடைத்த சிலுவைகளைக் கழுவி, பெயர்களைக் கறுப்பு மையால் புதிதாக எழுதி, மண்ணை அணைத்து மேடு கட்டி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூல் பிடித்து வரிசையாக நட்டார்கள். நூலின் ஒரு முனையைப் பிடித்து நின்றவர் என் வீட்டுக்காரர். சாயங்காலம் வந்து, "இப்பப் போய்ப் பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு" என்றார்.

போய்ப் பார்த்தேன். தண்டவாளத்துக்குக் கட்டை அடுக்கின மாதிரி அத்தனை நேர். எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அந்தத் தோட்டத்தில் முன்னால் ஒன்றுமே நேராக இருந்ததில்லை. மரத்து வேருக்கும் பாறைக்கும் ஒதுங்கி, மண் எங்கே இளகிக் கொடுத்ததோ அங்கே வெட்டியிருந்தார்கள். என் மகளுடைய குழி பாதையைப் பார்த்துக் கொஞ்சம் சாய்வாக இருந்தது. இப்போது அவள் பெயர் எழுதின சிலுவை, வேலியோரப் பலா மரத்தடியில், மற்றவற்றோடு அணிவகுத்து நின்றது.

"இது அவ இடம் இல்லைங்க."

"இங்கதான் புள்ள. நான் அளந்தேன்."

"எதை வச்சு அளந்தீங்க?"

அவர் செருப்பில் ஒட்டின மண்ணைத் தட்டினார்.

ஒரு மரக்கட்டை இங்கே நின்றால் என்ன, அங்கே நின்றால் என்ன, இதற்கா இத்தனை ஆத்திரம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கடைசி நாளில் எக்காளம் தொனிக்கும், கல்லறைகள் திறக்கும், செத்தவர்கள் எழும்புவார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதை முழுசாக நம்பினேன். ஆனால் அந்தக் காலையை நினைத்தாலே எனக்குத் தெரிந்தது கூட்டம்தான். பாசார்க் கூட்டத்தில் ஒரு நிமிஷம் என் சேலையை விட்டுவிட்டால் போதும், அவளுக்கு உதடு பிதுங்கிவிடும். அத்தனை ஜனம் எழும்புகிற இடத்தில் கண்ணைத் திறந்து, பக்கத்தில் அம்மா இல்லாமல் நின்றால்? நான் செத்தால் அவளுக்குப் பக்கத்திலேயே புதைக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தேன். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நான் எழும்ப வேண்டும். இப்போது என்னை எங்கே புதைப்பார்கள்? யார் பிள்ளைக்குப் பக்கத்தில்?

இந்தப் பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதனால் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் எங்கள் குருவானவர் வீட்டுக்கு வந்தார். அவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். ஜெபம் முடித்து அவர் காப்பியைக் கையில் எடுத்ததும் ஆரம்பித்தேன்.

"எம் புள்ளையை எங்க வச்சிருக்காங்கன்னே தெரியலையே ஐயா."

"ஆண்டவருக்குத் தெரியும்மா."

"அவருக்குத் தெரிஞ்சா ஆச்சா? எனக்குல்ல தெரியணும்!"

பாவம் மனுஷர், காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஈஸ்டர் விடியலில் எங்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில்தான் ஆராதனை. சனிக்கிழமையே புல்லைச் செதுக்கிச் சுத்தம் பண்ணிவிடுவார்கள். மறுநாள் இருட்டோடு போய், அவரவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, கிழக்கு வெளுக்கும்வரை பாடுவோம். அந்த வருஷம் நான் போவதாக இல்லை. "யார் பிள்ளைக்கோ நான் எதுக்கு மெழுகுவத்தி கொளுத்தணும்?" என்று பாயிலேயே படுத்திருந்தேன். வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு விளக்கை எடுத்தார். அந்த மனுஷர் தனியாகப் போய் அந்தக் கட்டைக்கு முன்னால் நிற்பதை நினைத்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. திட்டிக்கொண்டே சேலையைச் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

பலா மரத்தடியில் எங்களுக்கு முன்பே ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. ஒரு பெண் மேட்டருகே குந்தியிருந்தாள். என் மகளுடைய சிலுவை பிடுங்கப்பட்டு வேலியில் சாய்ந்திருந்தது.

"யாரு இதைப் புடுங்கினது?"

"நான்தான்க்கா" என்றாள், எழுந்திருக்காமலே. "இது எம் மவன் இடம். பலா மரத்தடியிலதான் வச்சோம். எவனோ வேற பேரை நட்டு வச்சிருக்கான்."

அவள் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள். முன்பு பிரிக்பீல்ட்ஸில் இருந்தவர்கள்தான். மகன் இறந்த பிறகு அங்கே வேலை கிடைத்துக் குடிபோனார்கள். ஈஸ்டருக்காகக் கிள்ளானில் ரயிலேறி முதல் நாளே வந்திருந்தாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது என் கண்ணில் பட்டது பிடுங்கிக் கிடந்த சிலுவை மட்டும்தான்.

மாதக்கணக்காக இது என் பிள்ளை இடமில்லை என்று சாதித்தவள் நான். அந்த நொடியில் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "இது எம் பொண்ணு இடம். எடு உன் மெழுகுவத்தியை!" என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. எழுந்து நின்றுவிட்டாள். மேட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் யாருடையதென்று தெரியாத மண். ஒரு பிள்ளைக்காக இரண்டு தாய்கள் சண்டை போட்ட கதை வேதத்தில் உண்டு. இங்கே பிள்ளையும் இல்லை, தீர்ப்புச் சொல்ல ராஜாவும் இல்லை. சபை முழுக்க மெழுகுவத்தியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தது. கடைசியில் அவள் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"இங்க இல்லைன்னா எங்கய்யா வச்சீங்க எம் மவனை? சொல்லுங்க, நானே எடுத்துக்கிட்டுப் போயிடறேன்!"

ஐயர் என்ன செய்வதென்று தெரியாமல் கைமணியை அடித்து ஆராதனையைத் தொடங்கிவிட்டார். வேதத்திலிருந்து வழக்கமான அதிகாரத்தை வாசித்தார். வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமான பகுதி. அதனாலேயே அது என் காதில் விழுவதில்லை.

இருட்டு விலகுமுன் ஒரு பெண் இயேசுவின் கல்லறைக்கு வருகிறாள். உள்ளே அவர் உடல் இல்லை. வெளியே நின்று அழுகிறாள். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே வைத்தார்களோ தெரியவில்லை என்கிறாள். பின்னால் நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டு, நீர் எடுத்திருந்தால் எங்கே வைத்தீர் என்று சொல்லும், நானே போய் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள்.

எதிரே காப்பார்க்காரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் அதையே சொல்லி இன்னும் வாய் மூடவில்லை. நானும் அதைத்தான் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னால் நின்றவர் உயிர்த்தெழுந்த இயேசுதான். அந்தப் பெண்ணை அவர் அதட்டவில்லை. இடத்தையும் காட்டவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அவ்வளவுதான். அழுத கண்ணுக்கு அடையாளம் தெரியாதவரை அவள் அந்தக் குரலில் தெரிந்துகொண்டாள்.

எத்தனை தப்பாக நினைத்திருந்தேன்! என் மகள் கண்ணைத் திறந்ததும் பார்க்கப்போவது கூட்டத்தை இல்லை, அவரை. எழுப்புகிறவர் அவர்தானே? தூரத்தில் நின்று எக்காளத்தை ஊதிவிட்டு, எழும்புகிறவர் எழும்பட்டும் என்று இருக்கிறவரா அவர்? அழுதுகொண்டிருந்த ஒருத்திக்காக அந்த விடியலில் காத்து நின்றவர், மூன்று வயசுப் பிள்ளையைத் தேட விடுவாரா? ஐயர் என் வீட்டில் சொன்னதும் இதைத்தான். அன்றைக்கு அது எனக்கு ஒப்புக்குச் சொன்ன ஆறுதலாகப் பட்டது. இப்போது, தானும் ஒரு குழிக்குள் கிடந்து வெளியே வந்தவர் அவர் என்று நினைத்தபோது, என் மகள் இருக்கும் இருட்டு அவருக்குத் தெரியாத இடமில்லை என்று புரிந்தது. துக்கம் போகவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் பயம் போய்விட்டது.

ஆராதனை முடிந்தபோது நன்றாக வெளுத்திருந்தது. வீட்டுக்காரர் சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"சத்தியமா எனக்கும் தெரியாது புள்ள. நீ அழக் கூடாதுன்னுதான் அளந்தேன்னு சொன்னேன்."

"தெரியும்" என்றேன். "இங்கயே நடுங்க. அந்தப் பையன் சிலுவையையும் தேடிக் கொண்டாந்து பக்கத்துல நடுங்க."

அவர் போனதும் நானும் காப்பார்க்காரியும் ஈரப் புல்லில் உட்கார்ந்தோம். கோபப்பட்டதற்கு மன்னிப்பெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. என்னவோ தோன்றி, யாரிடமும் சொல்லாத அந்தப் பயத்தை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எழுப்புறவரு பாத்துக்குவாருக்கா" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "எம் மவனுக்கு ஏழு வயசு. பொறுப்பான புள்ள. பக்கத்துல சின்னது ஒண்ணு நின்னா கையைப் புடிச்சுக்குவான்" என்றாள்.

குனிந்து மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். செத்தவர்களோடு பேசக் கூடாது என்பது எங்கள் சபை முறை, ஐயர் பார்த்திருந்தால் கண்டித்திருப்பார்.

"உங்க பொண்ணு பேரு என்னக்கா? அவன்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

சொன்னேன். அழாமல் சொன்னேன்.