மூன்றாவது இலை

போன முகூர்த்த நாளில் ஒரே காலையில் எனக்கு மூன்று கல்யாணம். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஓர் ஊர். பத்திரிகையில் எழுதுகிறவன் என்றால் எல்லோரும் கூப்பிடுவார்கள். போகாவிட்டால் கோபம். போனால்... சாப்பிடாமல் விடமாட்டார்கள்!

முதல் வீட்டுப் பந்தியில் எனக்கு எதிரே ஓர் அம்மா. ஐம்பது வயதிருக்கும், வெள்ளைப் புடவை, தோளில் துணிப்பை. இரண்டாவது வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே அம்மா! மூன்றாவது வீட்டில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

நான் மூன்று இடத்தில் சாப்பிட்டால் மரியாதை. அவர் சாப்பிட்டால் பேராசை. அப்படித்தானே நினைக்கத் தோன்றுகிறது?

பக்கத்து இலைக்காரரிடம் மெல்ல விசாரித்தேன். ஸ்டெல்லா அம்மாவாம். தொழுநோய்க்காரர்களுக்கு வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கும் நிலையத்தில் வேலை. "எந்தக் கல்யாணமா இருந்தாலும் வந்துடுவாங்க சார்" என்று கண்ணடித்தார்.

தாலி கட்ட இன்னும் அரை மணி இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், வெளியூர்க்காரர், ஸ்டெல்லா அம்மாவை உற்றுப் பார்த்தார்.

"இந்தம்மா பெருவியாதிக்கு மாத்திரை குடுக்கறவங்களாச்சே? எங்க ஊருக்கும் வந்துகீறாங்க. இங்க இன்னா வேலை? பொண்ணு வூட்ல யாருக்காவது...?"

பந்தியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா அம்மா இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! "அட நீங்க வேற! காலைலேர்ந்து அவங்களுக்கு இது மூணாவது இலை. நானே பார்த்தேன். கேசரி வாசனை எங்கே அடிக்குதோ அங்கே வந்துடுவாங்க!" என்றேன்.

கொல்லென்று சிரிப்பு. பெரியவரும் சிரித்துவிட்டார். ஸ்டெல்லா அம்மா எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்து, "இன்னும் ரெண்டு இட்லி போடு நைனா" என்றார். கொஞ்ச நேரத்தில் கெட்டிமேளம் கொட்டியது.

பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்ததும் ஸ்டெல்லா அம்மா எழுந்து வந்தார். "ரொம்ப தேங்க்ஸ் சார்."

கிண்டல் பண்ணினதற்கு தேங்க்ஸா?

"அந்தக் கல்யாணம் நின்னிருந்தா என்னாலதான சார் நின்னிருக்கும்? நான் மாத்திரை குடுத்த வூட்லயும் கல்யாணம் காட்சி வரும் இல்ல? 'நீங்க வராம எப்படி'ன்னு அழுவாங்க. அந்த வூட்டுக்கு மட்டும் போனா ஊரு சும்மா வுடுமா? அதான் யாரு கூப்ட்டாலும் போயிடறது. சோத்துக்கு அலையறவன்னு பேரு. இருந்துட்டுப் போவட்டும்."

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிலையத்து ஜீப்பில் போவார்களாம். பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் பெயர். ஒருநாள் ஒரு வீட்டு வாசலில் ஜீப் நின்றது. அப்பாவுக்குத்தான் வியாதி, அதுவும் குணமாகிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பரிசம் போட்டவர்கள் ஜீப்பைப் பார்த்தார்கள். திரும்பி வரவே இல்லை.

"அந்தப் பொண்ணு?"

"இன்னும் கல்யாணம் ஆவல சார்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் நான் ஜீப்ல ஏர்றதில்ல. நடந்துதான் போறது. ஒரு தெருவுக்குள்ள பூந்தா எல்லா வூட்லயும் ஏறி எறங்கிடுவேன்."

வாரா வாரம் எனக்கு போட்டோக்கள் வரும். ஏழைக்கு வேட்டி கொடுப்பவர்கள், குழந்தைக்கு பிரெட் கொடுப்பவர்கள். கொடுப்பவர் கேமராவைப் பார்ப்பார், வாங்குபவர் தரையைப் பார்ப்பார். சேவை என்றால் வெளியே தெரியவேண்டும் என்றே நானும் நம்பியிருந்தேன். இந்த அம்மா உதவியை மறைக்கத் தன் மானத்தையே கொடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

இருந்தாலும் பத்திரிகைக்காரப் புத்தி போகுமா? "இன்னிக்கு மூணு வீட்டிலே... எது?" என்று கேட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா அம்மா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

மறுநாள் கடைத்தெருவில், அந்த மூன்று மணப்பெண்களில் ஒருத்தியின் அப்பா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். என் கண் நேராக அவர் விரல்களுக்குப் போயிற்று. வெட்கமாகிவிட்டது. சட்டென்று முகத்தைப் பார்த்து, மாப்பிள்ளை சௌக்கியமா என்றேன்.

ஸ்டெல்லா என்பது அவர் பெயர் இல்லை. ஊரையும் தேடாதீர்கள். உங்கள் ஊர்க் கல்யாணத்தில் யாராவது ஓர் அம்மா மூன்றாவது இலையில் வந்து உட்கார்ந்தால்... ஒன்றும் கேட்காமல் கேசரி வையுங்கள்!