லேத்தின் மேல் மூன்று பொட்டுகள்

அப்பாவை வழியனுப்ப வந்தவர்களும், வர இயலாமல் தந்தி அனுப்பியவர்களுமாகிய நீங்கள் அவரது முதலாண்டு நினைவாக இம்மலரைப் பெறுகிறீர்கள். ஒரே மகளாதலால் எழுதும் கடமை எனக்கு வாய்த்தது.

அப்பா குடியாத்தத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர், நாடு விடுதலையடைந்த ஆண்டில் பெங்களூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலையில் அமர்ந்தார். வந்த கையோடு திருமணம். மர்பி டவுனில் வாடகை வீடு. இராணுவத்தார் ஏலத்தில் விட்ட லேத் என்னும் பழைய கடைசல் எந்திரம் ஒன்றைப் பின்னர் வாங்கி வீட்டின் பின்கட்டில் நிறுத்தினார். அக்கம்பக்கத்தாரின் மிதிவண்டி அச்சு முதல் தண்ணீர் பம்பின் தண்டு வரை அதில் கடைந்து தந்தார்.

அம்மா காலமானபின் அவர் பேச்சு மிகவும் குறைந்தது. நானும் அதிகம் பேசுபவள் அல்லள். மாலையில் பின்கட்டில் லேத் ஓடும். முன்னறையில் நான் படித்துக்கொண்டிருப்பேன். இடையில் ஒரு சுவர்.

ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு மறுநாள் லேத்தைக் கழற்றித் துடைத்து எண்ணெயிடுவது அவர் வழக்கம். சென்ற ஆண்டும் கழற்றி, பாகங்களை மண்ணெண்ணெய்த் தட்டுகளில் ஊறப் போட்டார். அன்று மார்வலி என்று படுத்தவர், சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்தும் வீடு திரும்பவில்லை.

தட்டுகள் அப்படியே கிடந்தன. மண்ணெண்ணெய் வற்றியது. ஆண்டு முடிவில் வீட்டைக் காலி செய்து நான் மாணவியர் விடுதிக்குச் செல்வதென்று முடிவாயிற்று.

"அத இனிமே யாரும்மா சேக்கப் போறாங்க? பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார் சித்தப்பா. அவர் சொன்னதில் பிழையில்லை. எனினும் அவை எடைக்குப் போவதை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. அப்பாவுடன் வேலை செய்த பாஷா மாமாவிடம் சென்றேன். பாகங்களைச் சேர்த்து ஓட்டிவிட்டால் லேத்தைத் தம் பட்டறைக்கு எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்தார்; மகளே என்பதை உருதுவில் 'பேட்டி' என்றே என்னை அழைப்பார். மற்ற நாள்களில் நான் தனியே பிசினாய் இறுகிய கிரீஸைச் சுரண்டினேன். பற்சக்கர இடுக்குகளைப் பிரஷால் தேய்த்தேன். எண்ணெய் இறங்கும் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தேன்.

"என்ன பேட்டி, மண்ணெண்ண வாசனையோட காலேஜுக்குப் போனா பக்கத்துல யாரு உக்காருவாங்க?"

"இப்பவும் யாரும் உக்கார்றதில்ல மாமா."

சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

ஒன்றோடொன்று சேரும் பாகங்களில் அப்பா புள்ளி குத்தி வைத்திருந்தார். ஒற்றைப் புள்ளி ஒற்றைப் புள்ளியோடு சேரும்; இரட்டை இரட்டையோடு. இவ்வாண்டு ஆயுத பூஜை அந்தத் தட்டுகளின் நடுவிலேயே கழிந்தது. அதன்பின், எல்லாவற்றையும் தாங்கும் நீண்ட இரும்புப் படுகையைத் துடைத்தபோது, ஓரமாக மூன்று புள்ளிகள் அரித்தாற்போல் தெரிந்தன. மூன்று புள்ளியுள்ள பாகத்தை எல்லாத் தட்டுகளிலும் தேடினேன். தொலைந்துபோயிற்று, இனி ஓடாது என்றே அஞ்சினேன்.

மாமா விரலால் தடவிப் பார்த்தார்.

"அரே, இதுக்குச் சேர்ற பாகம் எதுவும் கெடையாது பேட்டி. இது உங்கம்மா வச்ச பொட்டு. பூஜை அன்னிக்குச் சந்தனம் வைப்பாங்க இல்ல? ராத்திரியெல்லாம் ஈரம் நின்னா துரு ஏறும். பெயிண்ட் அடிச்ச எடத்துல வெக்கச் சொல்லுப்பான்னு நானே சொன்னேன். 'அவ வெக்கட்டும், காலைல நான் தொடச்சிக்கறேன்'னுட்டார் உங்கப்பா."

படுகையில் ஈரவிரல் பட்டாலே முகம் சுளிப்பவர் அப்பா. அம்மா மறைந்த பிறகு அதே இடத்தில் அவரே சந்தனம் வைத்ததைக் கண்டிருக்கிறேன். பக்தி என்றே எண்ணியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு எண்ணெய்க் கிண்ணங்களை நிரப்பி மோட்டாரைப் போட்டோம். முதலில் முனகியது. எண்ணெய் பரவப் பரவ, முன்னறையில் நான் கேட்டுப் பழகிய ஓசை வந்தது. மாமா உள்ளங்கை வைத்துச் சூடு பார்த்தார்.

"ஓடும். இந்த வடுவ வேணா கிரைண்ட் பண்ணி எடுத்துடட்டுமா?"

"வேண்டாம் மாமா."

அப்பாவைத் தோளில் சுமந்த உறவினர்களுக்கும், மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த அவருடைய நண்பர்களுக்கும், காரியம் முடியும்வரை எனக்குச் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மையாருக்கும், வாடகையைப் பார்த்துக்கொண்ட சித்தப்பாவுக்கும் என் வணக்கமும் நன்றியும். பாஷா மாமாவுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். லேத்தை வண்டியில் ஏற்றிய அன்று, அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் பட்டறைக்கு வந்து சந்தனம் வைக்கலாமா என்று கேட்டேன்.

"வா பேட்டி. ஆனா வச்சிட்டுப் போயிடக் கூடாது. மறுநாள் தொடைக்கவும் நீதான் வரணும்" என்றார்.